ஒரு வரிச் சாட்சியம்: பூட்லோடர் மூலநிரலில் உரிமக் குறியும் கோப்பு முறைமைத் தரவுக் கட்டமைப்பும்

1. ஆராயும் வினா

கணினிக்குள் மின்சாரம் பாய்வதற்கும், இயங்குதளத்தின் கெர்னல் தன் பொறுப்பை ஏற்றுக்கொள்வதற்கும் இடைப்பட்ட சில விநாடிகளில் நடந்தாக வேண்டிய காரியங்களைச் செய்து முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். வீட்டிலுள்ள ரௌட்டரிலும் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுக் கருவியிலும் அது வேலை செய்கிறது என்றாலும், பொதுஜனங்களின் கவனத்திற்கு அது வருவதில்லை. ஆயினும் திறமூல மென்பொருளின் சட்டவியலை ஆராய விரும்புவோருக்கு இந்தச் சிறு நிரலைவிட வசதியான களம் கிடைப்பது அரிது. ஏனெனில், வட்டிலோ ஃபிளாஷ் நினைவகத்திலோ கிடக்கும் கெர்னலைத் தேடி எடுக்க வேண்டுமானால், அந்தச் சேமிப்பகத்தை அமைத்தவர்கள் எந்த முறையில் அமைத்தார்களோ அந்த முறையைப் பூட்லோடரும் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவை அது பெரும்பாலும் வேறு திட்டங்களின் நிரல்களிலிருந்தே பெறுகிறது. அவ்வாறு வந்து சேர்ந்த ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய உரிம நிபந்தனையைச் சுமந்துகொண்டே வந்து சேர்ந்திருக்கிறது.

இன்று அந்த நிபந்தனைகள் யாவும் ஒவ்வொரு மூலக்கோப்பின் தலையிலும் ஒரே வரியில் எழுதப்படும் குறியாகச் சுருங்கியுள்ளன. இக்கட்டுரை ஆராய முற்படும் வினா இதுவே: அத்தகைய ஒரு வரிக் குறி, தான் முகப்பில் நிற்கும் கோப்பிலுள்ள தரவுக் கட்டமைப்பைப் பற்றி எதை நிலைநாட்டுகிறது, எதை நிலைநாட்டாமல் விட்டுவிடுகிறது?

அறிவு பெறும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என நம் தருக்க நூலோர் பகுத்தனர். கண்ணால் கண்டு அறிவது ஒன்று. கண்டதைக்கொண்டு காணாததை ஊகித்து அறிவது மற்றொன்று. நம்பத்தக்கார் சொல்லக் கேட்டு அறிவது மூன்றாவது. உரிமக் குறி இம்மூன்றில் எந்த அளவையைச் சார்ந்தது என்பதைத் தீர்மானித்துக்கொண்டால், அதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்னும் பிரச்சினையும் பெருமளவு தெளிவடையும் என்பது என் அபிப்பிராயம். ஆராய்ச்சிக்கு முக்கிய உதாரணமாக யூ-பூட் என்னும் பூட்லோடரை எடுத்துக்கொள்கிறேன். மூலக்கோப்புகளில் இக்குறியைப் பெருமளவில் முதன்முதலாகக் கையாண்ட திட்டங்களுள் அது ஒன்று.

2. யூ-பூட்டின் பூர்வோத்தரம்

மேக்னஸ் டாம் என்பவர் பவர்பிசி வகைச் சில்லுகளுக்காக எழுதிய 8எக்ஸ்எக்ஸ்ரோம் என்ற சிறு நிரலை, ஜெர்மனியிலுள்ள டெங்க்ஸ் நிறுவனத்தின் வொல்ஃப்கேங் டெங்க் பிபிசிபூட் என்னும் பெயரில் வளர்க்கத் தொடங்கினார். ஆர்ம் சில்லுகளுக்கென ஆர்ம்பூட் என்ற கிளையொன்று பிரிந்து, பின்னர் மீண்டும் தாயோடு இணைந்தது. எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாகிவிட்ட நிரலுக்குப் பழைய பெயர் பொருந்தாது போகவே, 2002 நவம்பரில் அது யூ-பூட் என்று மறுபெயர் பெற்றது. 2012 முதல் டாம் ரினி அதன் தலைமைப் பராமரிப்பாளராக இருந்து வருகிறார்.

இந்தத் திட்டத்தின் உரிம நிலை இரண்டு அடுக்குகளைக் கொண்டது. மொத்த நிரலும் குனூ பொதுமக்கள் உரிமமாகிய ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பின்கீழ் வழங்கப்படுகிறது. ஆனால் தனித்தனி மூலக்கோப்புகளில் பெரும்பாலானவை, இரண்டாம் பதிப்பையோ அதற்குப் பிந்திய எந்தப் பதிப்பையோ பெறுபவர் தம் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம் என்று அனுமதிக்கின்றன. இரண்டாம் பதிப்பைத் தவிர வேறெதற்கும் இடங்கொடாத சில கோப்புகளும் உள்ளே இருப்பதால், உதிரியாகப் பார்க்கும்போது தாராளமாகத் தோன்றும் நிபந்தனை, சேர்த்துத் தொகுக்கும்போது குறுகிவிடுகிறது. இதற்கு மேல், யூ-பூட் தன் சேவைகளுக்கெனத் திறந்துவைத்திருக்கும் தாவல் அட்டவணையின் வழியாக மட்டும் அதனைப் பயன்படுத்தும் தனிநிலை நிரல்கள், இந்த உரிமத்தின் பிடிக்குள் வருவதில்லை என்ற விலக்கும் வெளிப்படையாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. இரு நிரல்கள் சந்திக்கும் எல்லைக்கோட்டிலேயே உரிமத்தின் அதிகாரம் எவ்விடத்தில் முடிகிறது என்ற சிந்தனை இத்திட்டத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்து வந்தது என்பதற்கு இவ்விலக்கு ஒரு பிரமாணம்.

3. நீண்ட முகப்புரையிலிருந்து ஒரு வரிக் குறிக்கு

பழைய வழக்கப்படி ஒவ்வொரு மூலக்கோப்பின் தொடக்கத்திலும் பதிப்புரிமையாளரின் பெயர், ஆண்டு, உரிமத்தின் சுருக்கம், உத்தரவாதம் எதுவும் இல்லை என்ற எச்சரிக்கை, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தபால் முகவரி ஆகியவை பல வரிகளில் இடம்பெறும். சட்டம் அறிந்தவர்கள் ஒருமுறை வகுத்துக்கொடுத்த அந்த வாசகத்தை நிரலாளர்கள் பல்லாயிரம் முறை பிரதி செய்தார்கள்; பிரதி செய்யும்போது சொற்கள் மாறின, பிழைகள் புகுந்தன. பாஸ்டன் நகரில் டெம்பிள் பிளேஸ் தெருவில் இருந்த அறக்கட்டளை 2005-இல் ஃபிராங்க்ளின் தெருவுக்கு இடம் மாறிய பின்னும், பழைய முகவரியைத் தாங்கிய கோப்புகள் உலகமெங்கும் உலவிக்கொண்டிருந்தன. ஒரே உரிமத்தைப் பல வடிவங்களில் கூறும் இந்த வாசகங்களைப் படித்துப் பொருள்கொள்வது மனிதனுக்குச் சலிப்பூட்டும் காரியம். இயந்திரத்திற்கோ கடினமான காரியம்.

லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2010-இல் அறிவிக்கப்பட்டு, 2011-இல் முதற்பதிப்பு கண்ட எஸ்பிடிஎக்ஸ் என்னும் தரம் இதற்கொரு பரிகாரத்தை உட்கொண்டிருந்தது. மென்பொருட் பொதியின் உள்ளடக்கத்தை விவரிக்கும் ஆவணங்களை நிறுவனங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் மூல நோக்கம். அதற்கு வசதியாக ஒவ்வொரு உரிமத்துக்கும் ஒரு குறும்பெயர் சூட்டப்பட்டது. அந்தக் குறும்பெயரைப் பரிமாற்ற ஆவணத்தில் மாத்திரம் வைத்துக்கொள்ளாமல் மூலக்கோப்பிலேயே எழுதிவிடும் யோசனையை 2013-இல் யூ-பூட் காரியமாக்கியது. நீண்ட வாசகம் இருந்த இடத்தில் "எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்: ஜிபிஎல்-2.0+" என்ற ஒரு வரி அமர்ந்தது, உரிமங்களின் முழு வாசகங்கள் தனி அடைவொன்றில் ஒரே தடவை வைக்கப்பட்டன.

லினக்ஸ் கெர்னல் 2017 நவம்பரில் வெளிவந்த 4.14-ஆம் பதிப்பிலிருந்து இதே வழியைப் பின்பற்றியது. அது குறியைக் கோப்பின் முதல் வரியிலேயே வைத்தது. சி மொழிக் கோப்புகளுக்கு இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்பும், ஹெடர் கோப்புகளுக்குப் பழைய நட்சத்திரக் குறிப்பும் என்று பேதப்படுத்தியது. ஹெடர்களின் வழியே உருவாகும் சில லிங்கர் கோப்புகளில் புதுவகைக் குறிப்பை லிங்கர் புரிந்துகொள்ளாமல் தொகுப்பு முறிந்ததே அந்தப் பேதத்திற்குக் காரணம். முன்னோடியாக இருந்த யூ-பூட், 2018-இல் தன் குறிகள் அனைத்தையும் கெர்னலின் சம்பிரதாயத்திற்கு மாற்றிக்கொண்டது. 2021-இல் எஸ்பிடிஎக்ஸ், ஐஎஸ்ஓ 5962 என்னும் சர்வதேசத் தரமாகியது.

இந்த வரலாற்றில் இரண்டு சம்பவங்கள் நம் வினாவுக்கு நேராகப் பயன்படுகின்றன. முதலாவது, கெர்னலின் 4.14-ஆம் பதிப்பில் எந்த உரிம வாசகமும் இல்லாதிருந்த 11,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் ஒரே மாற்றத்தில் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் குறியைப் பெற்றமை. இயந்திரச் சோதனைகளும் அனுபவசாலிகளின் பரிசீலனையும் அதற்கு முன்னே நடந்தன என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் தர்க்கத்தின் அடிப்படை எளிமையானது. திட்டம் முழுவதற்குமான உரிமம் இன்னது. இந்தக் கோப்பு வேறெதுவும் சொல்லவில்லை. ஆகவே இதற்கும் அந்த உரிமமே. இது கருதல் அளவை. குறியாக எழுதப்பட்ட பிறகு அது பார்வைக்கு உரை அளவையாகிவிடுகிறது: ஆசிரியர் தாமே சொல்லியது எது, பின்வந்தவர் ஊகித்தது எது என்பதைப் பிரித்துக் காட்ட அந்த வரிக்குள் இடமில்லை.

இரண்டாவது, எஸ்பிடிஎக்ஸின் உரிமப் பட்டியல் மூன்றாம் பதிப்பை அடைந்தபோது, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் வற்புறுத்தலால் "இரண்டு மட்டும்", "இரண்டு அல்லது பிந்தியது" என்ற இரண்டு தெளிவான பெயர்கள் புகுத்தப்பட்டமை. எண்ணை மட்டும் எழுதினால், எழுதியவர் வேண்டுமென்றே பிற்பதிப்புகளை விலக்கினாரா, கவனமின்றி விட்டுவிட்டாரா என்பது விளங்குவதில்லை என ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆட்சேபித்திருந்தார். பழைய வடிவங்கள் கைவிடத்தக்கவை என்று அறிவிக்கப்பட்ட பின்னும் யூ-பூட்டின் கோப்புகளில் மிகப்பல அந்தக் கூட்டற்குறி வடிவத்தையே தாங்கி நிற்கின்றன. பொருளில் குற்றமில்லை, எனினும் ஒரு கூட்டற்குறியின் இருப்பும் இன்மையும் சட்டப்பூர்வமான வித்தியாசத்தை உண்டாக்கும் அளவுக்கு இக்குறிமொழி இறுக்கமானது என்பதை இது உணர்த்துகிறது.

4. வட்டில் கிடக்கும் அமைப்பும் அதை விவரிக்கும் நிரலும்

இனி, குறி எதன் தலைமேல் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1993-இல் லினக்ஸுக்காக உருவான எக்ஸ்ட்2 கோப்பு முறைமையையும், அதன் வழித்தோன்றலாகி 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 முறைமையையும் உதாரணமாகக் கொள்வோம். வட்டுப் பாகத்தின் தொடக்கத்திலிருந்து 1024 பைட்டுகளைத் தள்ளி, 1024 பைட்டு நீளமுள்ள சூப்பர்பிளாக் என்னும் பதிவு தொடங்குகிறது. அதன் 56-ஆம் இடத்தில் இரண்டு பைட்டுகளில் 61267 என்ற மதிப்புள்ள அடையாள எண் இருக்கும்; அந்த எண் இல்லையென்றால் அது எக்ஸ்ட் குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்று நிரல் விலகிக்கொள்ளும். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு எனப்படும் பதிவு உண்டு. கோப்பின் தரவு வட்டில் எங்கே கிடக்கிறது என்பதைச் சொல்வதற்கு அதற்குள் 60 பைட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ்ட்2-இல் அந்த 60 பைட்டுகளும் நான்கு நான்காக 15 சுட்டிகளாகும்: 12 நேர்ச்சுட்டிகள், அவற்றோடு ஓரடுக்கு, ஈரடுக்கு, மூவடுக்கு மறைமுகச் சுட்டிகள். எக்ஸ்ட்4-இல் அதே 60 பைட்டுகளுக்குள் 12 பைட்டுத் தலைப்பும், எக்ஸ்டென்ட் எனப்படும் தொடர்ச்சித் துண்டை விவரிக்கும் 12 பைட்டுப் பதிவுகள் நான்கும் அமர்கின்றன.

இந்த எண்களில் ஒன்றையேனும் பூட்லோடரை எழுதுபவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியாது. 56-ஆம் இடத்தில் உள்ளதை 58-ஆம் இடத்தில் தேடினால் நிரல் அழகு குறையாது, கெர்னல்தான் கிடைக்காது. ஆகவே சி மொழியில் ஸ்ட்ரக்ட் என்று எழுதப்படும் அறிவிப்பில், புலங்களின் நீளமும் வரிசையும் பைட் ஒழுங்கும் புறவுலகம் விதித்த கட்டாயங்கள். எழுதுபவருடைய சுதந்திரம் புலங்களுக்கு இடும் பெயர்களிலும், பக்கத்தில் எழுதும் விளக்கக் குறிப்புகளிலும், மதிப்புகளை எடுத்துக்கொடுக்கும் சிறு மாக்ரோக்களிலும், அறிவிப்புகளை எந்த ஹெடரில் எவ்வாறு பகுத்துவைப்பது என்ற ஏற்பாட்டிலும் மட்டுமே எஞ்சுகிறது.

இங்கே ஒப்புநோக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. எக்ஸ்ட் குடும்பத்தின் சூப்பர்பிளாக்கில் மூன்று விதமான இயல்புக் கொடிகள் உள்ளன. முதல் வகையில் நிரலுக்குத் தெரியாத கொடி இருந்தாலும் பாதகமில்லை. இரண்டாம் வகையில் தெரியாத கொடி இருந்தால் படிக்கலாம், எழுதக் கூடாது. மூன்றாம் வகையில் தெரியாதது இருந்தால் தொடவே கூடாது. மெட்டாடேட்டாச் சரிபார்ப்புத் தொகை என்னும் இயல்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அக்கொடியைக் கண்டால் எழுத மறுத்துவிடும் நிபந்தனை யூ-பூட்டின் எக்ஸ்ட்4 எழுதும் நிரலில் இடம்பெற்றது. தனக்குத் தெரியாததன் எல்லையை உணர்ந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் விதியைக் கோப்பு முறைமையை வகுத்தவர்கள் கொடிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உரிமக் குறிமொழியில் "மற்றும்", "அல்லது", "விலக்குடன்" என்று பொருள்படும் இணைப்புச் சொற்கள் உண்டு. ஆனால் சொல்பவருடைய நிச்சயத்தின் அளவைச் சொல்லும் கொடி எதுவும் இல்லை.

5. சட்டத்தின் நோக்கில் தரவுக் கட்டமைப்பு

பதிப்புரிமை ஆக்கத்தைக் காக்குமேயன்றி, அந்த ஆக்கம் விளக்கும் முறையைக் காக்காது என்ற கொள்கைக்கு 1879-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேக்கர்–செல்டன் வழக்கில் அளித்த தீர்ப்பு ஆதாரமாக இன்றும் எடுத்தாளப்படுகிறது. கணக்கெழுதும் முறையொன்றை விளக்கும் நூலுக்கு உரிமை பெற்றிருந்தவர், அம்முறைக்கேற்பக் கோடும் தலைப்பும் இட்ட வெற்றுப் பேரேடுகளை மற்றவர் அச்சிட்டு விற்பதைத் தடுக்க இயலாது என்று நீதிமன்றம் கூறியது. பைட்டு நீளமும் புலப்பெயரும் மட்டும் கொண்ட ஸ்ட்ரக்ட் அறிவிப்பு, கோடிட்ட பேரேட்டுத் தாளுக்கு மிக நெருங்கிய உறவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த சேகா–அக்கொலேட் வழக்கு. விளையாட்டுக் கருவியொன்று துவங்கும்போது, செருகப்பட்ட பேழையில் குறிப்பிட்ட இடத்தில் உற்பத்தியாளரின் பெயரெழுத்துகள் இருந்தாலன்றி விளையாட்டை இயக்க மறுத்தது. அந்த எழுத்துகளை அறிவதற்காகப் போட்டி நிறுவனம் நிரலை அவிழ்த்துப் படியெடுத்ததை, இயைபுக்கு வேறு வழியில்லாத நிலையில், நியாயமான பயன்பாடென்றே நீதிமன்றம் ஏற்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் வழக்கில், நிரலின் செயற்பாடும், நிரலாக்க மொழியும், தரவுக் கோப்புகளின் வடிவமும் கணினி நிரலுக்கான பதிப்புரிமையின்கீழ் காக்கப்படும் வெளிப்பாட்டு வடிவங்கள் ஆகா என்று தீர்ப்பளித்தது.

இவற்றைக்கொண்டு வட்டமைப்பின் விவரணை யாருக்கும் சொந்தமன்று என்று முடிவுகட்டிவிடலாம் என ஒரு சாரார் கருதுகின்றனர். அம்முடிவு அவசரமானது. அதே ஐரோப்பியத் தீர்ப்பு, மொழியும் தரவு வடிவமும் தம் ஆசிரியரின் சொந்த அறிவுப் படைப்பாக இருக்குமானால், பொதுவான பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புப் பெறக்கூடும் என்ற வாசலைத் திறந்தே வைத்தது. ஜாவாவின் சுமார் 11,500 அறிவிப்பு வரிகளைப் பற்றிய கூகுள்–ஆரக்கிள் வழக்கில் 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவ்வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்காமல், உண்டென்றே வைத்துக்கொண்டு, பயன்பாடு நியாயமானதே என்று மட்டும் தீர்த்தது. மேலும் உண்மையான ஹெடர் கோப்பில் வெறும் பேரேட்டுக் கோடுகள் மட்டும் இருப்பதில்லை. நெடிய விளக்கக் குறிப்புகளும், கணக்கிடும் சிறு செயற்கூறுகளும், நினைவகத்தில் மட்டும் வாழும் துணைக் கட்டமைப்புகளும் அங்கே கலந்து கிடக்கும். வட்டிலுள்ள அமைப்பு புறக்கட்டாயம். நினைவகத்திலுள்ள அமைப்போ நிரலாளரின் தேர்வு. இரண்டும் ஒரே இலக்கணத்தில் எழுதப்படுவதால், கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுகின்றன.

இந்த வேற்றுமையை உரிமத்தை எழுதியவர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. குனூ சிற்றுரிமமாகிய எல்ஜிபிஎல்லின் 2.1-ஆம் பதிப்பில் ஐந்தாம் பிரிவு, ஒரு நிரல் நூலகத்தின் ஹெடரிலிருந்து எண் மதிப்புகள், தரவுக் கட்டமைப்பின் அமைவு, அவற்றை அணுகும் வழிகள், பத்து வரிக்கு மேற்படாத சிறு மாக்ரோக்களும் உட்செயற்கூறுகளும் ஆகியவற்றை மட்டும் பயன்படுத்தினால், தொகுத்துக் கிடைக்கும் பொருட்கோப்பின் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று விதிக்கிறது. சட்டப்படி அது வழிப்படைப்பா அல்லவா என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டே அப்பிரிவு பேசுகிறது. நீதிமன்றங்கள் தயங்கிய இடத்தில் ஓர் உரிமம் தானாக முன்வந்து கோடு கிழித்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் எல்ஜிபிஎல் என்ற குறியைப் பார்க்கும் இயந்திரத்திற்கு அந்த ஐந்தாம் பிரிவின் நயம் புலப்படுவதில்லை.

6. மூன்று உதாரணங்கள்

முதல் உதாரணம் யூ-பூட்டின் எக்ஸ்ட்4 நிரல். அதன் முக்கிய மூலக்கோப்பின் முகப்பில் 2011–2012-க்குரிய சாம்சங் நிறுவனத்தின் பதிப்புரிமை வரி இருக்கிறது. அதற்கடியில், படிக்கும் பகுதி 2004-இல் ஈஎஸ்டி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழியே வந்த எக்ஸ்ட்2 நிரலைத் தழுவியது என்றும், அதுவும் கிரப் 2 என்னும் மற்றொரு பூட்லோடரின் நிரலை அடிப்படையாகக் கொண்டது என்றும், கிரப்பின் பதிப்புரிமை 2003, 2004 ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு உரியது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸ்டென்ட் கட்டமைப்புகளோ லினக்ஸ் கெர்னலிலிருந்து வந்தவை. கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் 2003–2006-க்குரிய பதிப்புரிமையைத் தாங்கியவை. கெர்னலில் எக்ஸ்டென்ட் நிரல் இரண்டாம் பதிப்பு என்ற நிபந்தனையோடு, பிற்பதிப்புச் சலுகையின்றி வெளியிடப்பட்டது.

இங்கே ஆண்டுகளுக்கு அசாதாரண முக்கியத்துவம் உண்டு. கிரப் 2 திட்டம் 2007-இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. அதற்கு முன் எடுக்கப்பட்ட நிரலை யூ-பூட் "இரண்டு அல்லது பிந்தியது" என்ற குறியோடு வைத்துக்கொள்வதில் ஆட்சேபத்திற்கு இடமில்லை. ஆனால் அதே கிரப் நிரலில் பிற்காலத்தில் செய்யப்பட்ட திருத்தமொன்றை ஒருவர் நல்லெண்ணத்தோடு இன்று கொண்டுவந்து சேர்ப்பாரேயானால், இரண்டாம் பதிப்புக்கு மட்டும் கட்டுப்பட்ட கோப்புகள் அடங்கிய தொகுப்பினுள் மூன்றாம் பதிப்பின் நிபந்தனை நுழைந்துவிடும். கோப்பின் தலையிலுள்ள குறி அப்போதும் முன்போலவே காட்சியளிக்கும். குறி உரிமத்தைச் சொல்கிறது. எங்கிருந்து, எப்போது என்பதைச் சொல்வதில்லை. நில விவகாரங்களில் பட்டா இருந்தும் தாய்ப்பத்திரத்தைத் தேடிப் படிக்காமல் யாரும் கிரயத்திற்கு முன்வராததற்கு எது காரணமோ, அதே காரணம் இங்கும் பொருந்தும்.

இரண்டாம் உதாரணம் ஃபிளாஷ் நினைவகத்துக்கென அலெஃப் ஒன் நிறுவனம் வெளியிட்ட யாஃப்ஸ் கோப்பு முறைமை. யூ-பூட்டும் அதனை உட்கொண்டது. அதன் ஹெடர் கோப்புகள் மட்டும் எல்ஜிபிஎல் 2.1-இன்கீழ் வருகின்றன, சி நிரல் ஜிபிஎல்லின்கீழ் வருகிறது என்று ஹெடர்களின் முகப்பிலேயே அந்நிறுவனம் தெளிவுபடுத்தியது. கட்டமைப்பின் விவரணை ஒன்று, அதனை இயக்கும் புத்தி வேறொன்று என்ற பாகுபாட்டை உரிமத்தின் மொழியிலேயே எழுதிவைத்த அரிய சம்பவம் இது. ஆயினும் ஒவ்வொரு குறியும் தன் கோப்பைப் பற்றி மட்டுமே பேசும் இயல்புடையதாதலால், ஏன் இவ்விரண்டு கோப்புகளுக்கும் வெவ்வேறு உரிமம் என்ற காரணத்தைக் குறிகளிலிருந்து யாரும் அறிய முடியாது. ஹெடர்களின் முகப்பிலுள்ள அந்த ஒற்றை வாக்கியம்தான் இந்தப் பாகுபாட்டைத் தெரிவிக்கிறது.

மூன்றாம் உதாரணம் ஹுவாவே நிறுவனத்தில் தோன்றிய ஈரோஃப்ஸ் என்ற படிப்புக்கு மட்டுமேயான கோப்பு முறைமை. லினக்ஸ் கெர்னலில் அதன் வட்டமைப்பை வரையறுக்கும் ஹெடர் தனியாகப் பிரிக்கப்பட்டு, ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மட்டும் அல்லது அப்பாச்சி 2.0 என்ற இரட்டைக் குறியைத் தாங்கி நின்றது. அப்பாச்சி 2.0-உம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பும் ஒன்றோடொன்று இயையா என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கொள்கை. எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இங்கே வெறும் உபசாரமன்று. கெர்னலுக்குள் ஒரு வழி, பிற மென்பொருள்களுக்கு மற்றொரு வழி என இரண்டையும் திறந்துவிட்டு, வட்டமைப்பு யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பொதுப் பொருளாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அக்குறி செயலில் காட்டியது. தரவுக் கட்டமைப்பின் உரிமைநிலை பற்றிச் சட்டம் மௌனம் சாதித்தாலும், கோப்பைப் பிரித்துவைக்கும் ஏற்பாட்டினாலேயே ஆசிரியர் தம் நிலையை அறிவித்துவிடலாம் என்பதற்கு இதுவே உத்தம உதாரணம்.

7. குறிக்கு எட்டாதவை

பதிப்புரிமைக்கு அப்பால் காப்புரிமை என்ற வேறொரு உலகமும் உண்டு. யூ-பூட்டில் 2002-ஆம் ஆண்டிலிருந்தே ஃபேட் கோப்பு முறைமையைப் படிக்கும் நிரல் இருக்கிறது. அதன் உரிமத்தில் எந்த மர்மமும் இல்லை. ஆனால் ஃபேட் முறைமையில் நீண்ட கோப்புப் பெயர்களைச் சேமிக்கும் உத்திகளின் மீது மைக்ரோசாஃப்ட் காப்புரிமை கொண்டாடி, 2009 பிப்ரவரியில் டாம்டாம் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்து, அடுத்த மாதமே சமரசத்தில் முடித்துக்கொண்டது. நிரலை எழுதியவர் அதற்கு முழுமையான அனுமதி அளித்திருந்தாலும், அந்நிரல் படிக்கும் வட்டமைப்பின் மீது மூன்றாமவர் ஒருவர் பாத்தியதை கொண்டாடலாம் என்பதை அவ்வழக்கு தெளிவாக்கியது. உரிமக் குறி ஆசிரியரின் வாக்குமூலம் ஆதலின், மூன்றாமவரின் உரிமைகளைப் பற்றி அது எதுவும் சொல்லாததைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அது சொல்லிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்வதே குறை.

இதற்கு நேர்மாறான அபிப்பிராயமும் ஆலோசனைக்குரியது. குறி வந்த பிறகு உரிமம் பற்றிய ஐயங்கள் பெருமளவு குறைந்துவிட்டன; கோப்புகளை இயந்திரம் சலித்தெடுத்து முரண்பாடுகளைக் காட்டுகிறது; ஒரு கோப்புக்குள் துணுக்கு வேறாக இருந்தால் அதைத் தனியே குறிக்கவும் எஸ்பிடிஎக்ஸில் வழி உண்டு; எடுத்தாண்ட நிரலின் மூலத்தை, திட்டத்தின் பெயரோடும் கமிட் அடையாளத்தோடும் மாற்றக் குறிப்பில் எழுத வேண்டும் என்ற நியதியும் யூ-பூட்டில் உண்டு; இவ்வளவும் இருக்க, குறியின்மேல் பழிசொல்வதில் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் மாற்றக் குறிப்பு களஞ்சியத்தோடு தங்கிவிடுகிறது. மூலக்கோப்போ அதைவிட்டுப் பிரிந்து, சாதன உற்பத்தியாளர்களின் பொதிகளில் பல கைகள் மாறிப் பயணம் செய்கிறது. பயணத்தில் கோப்போடு கூடவே செல்வது அதன் முகப்பு ஒன்றுதான். ஆகையால் வரலாற்றைக் களஞ்சியத்திடம் ஒப்படைத்துவிட்டு முகப்பைக் குறியாக மட்டும் சுருக்கிக்கொள்வது, எவ்விடத்தில் ஆதாரம் தேவைப்படுமோ அவ்விடத்திலிருந்து ஆதாரத்தை அப்புறப்படுத்துவதாகும்.

8. முடிபு

உரிமக் குறி உரை அளவையைச் சார்ந்தது. சில வேளைகளில், கெர்னலின் 11,000 கோப்புகளில் நிகழ்ந்ததுபோல, கருதலே உரையின் வேடத்தில் நிற்பதுமுண்டு. உரை பிரமாணமாவதற்கு உரைப்பவரின் தகுதியும் அவருக்கு அது தெரிந்த வழியும் விளங்க வேண்டும் என்பது தருக்க நூலின் பொதுவிதி. சாதாரண நிரலில் குறியின் சுருக்கம் பெரும் தீங்கு விளைப்பதில்லை. ஏனெனில் அங்கே எழுதியவரும் உரிமை உடையவரும் பெரும்பாலும் ஒருவரே. கோப்பு முறைமைத் தரவுக் கட்டமைப்பில் நிலைமை வேறு: அங்கே உள்ளடக்கத்தில் பெரும்பங்கு யாருடைய ஆக்கமும் அல்லாத புறக்கட்டாயம், எஞ்சிய சிறுபங்கு பல திட்டங்களிலிருந்து வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தது, அந்தச் சிறுபங்கு எது என்பதையும் எந்தக் காலத்தது என்பதையும் அறிந்தாலன்றி உரிமத்தின் பெயரை அறிந்து பயனில்லை.

ஆகவே இத்துறையில் உழைப்போர் மூன்று ஒழுக்கங்களைக் கைக்கொள்வது நலம். வட்டமைப்பின் விவரணையை நினைவகக் கட்டமைப்புகளிலிருந்தும் செயற்கூறுகளிலிருந்தும் பிரித்துத் தனி ஹெடரில் வைத்து, ஈரோஃப்ஸ் காட்டிய வழியில் தாராளமான உரிமம் அளிப்பது ஒன்று. குறியை எழுதும்போது பதிப்புரிமை வரிகளையும் "இன்ன திட்டத்திலிருந்து, இன்ன ஆண்டில்" என்ற மூலக்குறிப்பையும் நீக்காது காப்பது இரண்டாவது. ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2017-இல் தொடங்கிய ரீயூஸ் நியமம் உரிமக் குறியோடு பதிப்புரிமை வரியையும் சேர்த்தே கேட்பது இந்த வகையில் சரியான திசையாகும். ஊகத்தால் இடப்பட்ட குறியை ஊகம் என்று அருகிலேயே சொல்லிவைப்பது மூன்றாவது. படிக்கலாம், எழுதலாகாது என்பதையும் தெரியாததைத் தொடலாகாது என்பதையும் 1990-களிலேயே சூப்பர்பிளாக்கின் கொடிகளில் எழுதிவைத்த மரபுக்கு, உரிமத்திலும் அதே கண்ணியத்தைக் கடைப்பிடிப்பது இயலாத காரியமன்று.